கழற்றிப் பார்ப்போம்: கேமிங் கம்ப்யூட்டரில் எதற்கு முதலில் செலவு செய்வது?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகன் கேமிங் கம்ப்யூட்டர் கேட்கிறான். என்னால் 55,000 ரூபாய் வரை முடியும். மானிட்டர் வீட்டில் இருக்கிறது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் ஐ7 பிராசஸர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு எல்லாம் சேர்த்து 30,000 என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். தேவைப்பட்டால் பின்னால் மேம்படுத்திக்கொள்ளலாம் என்கிறார்கள். வாங்கலாமா?
(வாசகர், வில்லிவாக்கம்)

பதில்: வேண்டாம். நீங்கள் அனுப்பிய சீட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐ7 என்று கொட்டை எழுத்தில் எழுதியவர், 3770 என்பதைப் பக்கத்தில் எறும்பு அளவுக்கு எழுதியிருக்கிறார். அது 2012-இல் வந்த பிராசஸர். உங்கள் மகன் அப்போது பால்வாடி போயிருப்பான். அது உட்காரும் மதர்போர்டில் டிடிஆர்3 என்ற பழைய வகை ராம்தான் பொருந்தும். அந்தப் பிராசஸரை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கிராபிக்ஸ் கார்டு ஜிடி 730, 2014-இல் வந்த சரக்கு. 4 ஜிபி என்பது நினைவகத்தின் அளவு, வலு அல்ல. அண்டா பெரியது, அடுப்பு சிறியது. இதில் எதை மேம்படுத்துவது? புது ராமைப் போர்டு ஏற்காது, புதுப் போர்டைப் பிராசஸர் ஏற்காது. எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

பின்னால் மேம்படுத்துவது என்றதும் பையன்கள் போர்டில் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் பழையது, 2022-இல் வந்த ஏஎம்5 வாங்கினால்தான் எதிர்காலம் என்று உங்கள் மகனும் சொல்லக்கூடும். தப்பில்லை. ஆனால் இருபது வருடத்துக்கு மேலாக மற்றவர்களுடைய கேபினெட்டைத் திறந்துகொண்டிருப்பவன் நான். பிராசஸரை மட்டும் மாற்ற வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கார்டு மாற்ற வருகிறார்கள், ராம் சேர்க்க வருகிறார்கள், கோப்புகளைச் சேமிக்க இன்னொரு எஸ்எஸ்டி போட வருகிறார்கள். வந்த இடத்தில், பழைய எஸ்.எம்.பி.எஸ். (எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) புதுக் கார்டைத் தாங்காது என்று நான் சொன்னதும் முகம் வாடிப் போகிறார்கள். இடம் விட வேண்டியது அங்கேதான்.

அதனால் உங்கள் தொகைக்கு நான் சொல்வது ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் ரைசன் 5 5600 பிராசஸர். ஆறு கோர், 65 வாட். கடைக்காரர் 5600ஜி எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். அந்த ஒற்றை 'ஜி' வந்தால் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும், ஆனால் பிராசஸருக்குள் இருக்கும் வேகமான கேஷ் நினைவகம் பாதியாகிவிடும். தனிக் கார்டு போடப்போகிறவருக்கு அது நஷ்டம். 'ஜி' இல்லாததில் கார்டு இல்லாமல் திரையே வராது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். போர்டு பி550, ராமுக்கு நான்கு இடமும் எஸ்எஸ்டிக்கு இரண்டு எம்.2 இடமும் உள்ளதாக. 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்கினால் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தரவு ஓடும். மீதி இரண்டு இடம் பின்னாளுக்கு. கார்டுக்கு ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி. முழு எச்டி திரைக்குப் போதும். மொத்தத் தொகையில் ஐந்தில் இரண்டு பங்கு இதற்கே போகும், போகட்டும். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் தனித்தனியாக எழுதவில்லை. ராம் விலை கையைக் கடித்தால் எஸ்எஸ்டியை 500 ஜிபியோடு நிறுத்துங்கள், எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கை வைக்காதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், கேபினெட்டோடு இலவசமாக வந்த ஒன்றை என் சொந்த மெஷினில் மாட்டினேன். மேலே 500 வாட் என்று ஸ்டிக்கர். ஒரு மே மாத மதியம் பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம், பிறகு கருகிய மீன் வாடை. போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் அதோடு போயின. கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் டிபன் பாக்ஸ் எடைகூட இல்லை. உள்ளே பாதி இடம் காலி, வடிகட்டிச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டு. நல்ல எஸ்.எம்.பி.எஸ். கையில் கனக்கும். ஆர்எக்ஸ் 6600 கார்டு அதிகபட்சம் 132 வாட் எடுக்கும். மொத்த மெஷினும் 300 வாட்டைத் தாண்டாது. இருந்தும் 650 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலத் தரச் சான்று), கார்டுக்கு இரண்டு எட்டு முனை இணைப்பு உள்ளதாக வாங்கச் சொல்கிறேன். இரண்டு வருடம் கழித்து 250 வாட் கார்டு வந்தாலும் அது அசையாது.

கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இருக்கக் கூடாது, வலை வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் நமக்கே மூச்சு முட்டுகிறது. ஆடி மாதக் கோயில் சீரியல் செட் போல மின்னும் விசிறிகளுக்குக் கொடுக்கும் காசைத் தூசி வடிகட்டிக்குக் கொடுக்கலாம்.

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான். ஞாயிறு போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால், வாரன்டி கேட்டுப் போகும் நாளில் அந்த மிச்சம் கரைந்துவிடும்.

கேள்வி: புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரின் கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். கோளாறா?
(வாசகி, ராயபுரம்)

பதில்: பெரும்பாலும் வீட்டுக் கோளாறுதான். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில் மின்கம்பிக்கும் உலோக உடலுக்கும் நடுவே சிறு கெபாசிட்டர்கள் இருக்கும். அவற்றின் வழியே கசியும் துளி மின்சாரம் எர்த்துக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் ஏறக்குறைய 115 வோல்ட்டில் நின்றுகொண்டு உங்கள் விரலுக்காகக் காத்திருக்கும். கடலோரப் பழைய வீடுகளில் எர்த் குழாய் துருப்பிடித்து அற்றுப்போவது சகஜம். எலெக்ட்ரீஷியனை அழைத்து முதலில் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டிலேயே இணைத்துவிடுகிறேன் என்று அவர் சொன்னால், காபி கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். அதுவரை செருப்புப் போட்டுக்கொண்டு சமாளிக்கலாம் என்று நினைக்காமல் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.