ஒல்லியான தனியாள் கனூ ஆடுகிறதே, பழகுமா?

இருவர் செல்லும் அகலமான கனூவில் (துடுப்புப் படகில்) பழகிய உங்களுக்கு, இந்த எடை குறைந்த படகு உட்கார்ந்ததுமே கவிழ்ந்துவிடும் போல இருக்கிறது என்கிறீர்கள். பழகும். படகில் கோளாறு இல்லை.

படகு 15 கிலோ, நீங்கள் 70 கிலோ என்றால் மொத்த எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீங்கள்தான். நீங்கள் தலையைத் திருப்பினாலே அதற்குத் தெரியும். பொதுவாக இத்தகைய படகுகள் சட்டென்று கொஞ்சம் சாயும்; அப்புறம் பக்கச்சுவர் தண்ணீரில் அழுந்த, ஓரிடத்தில் கெட்டியாக நிற்கும். அந்த இடம் எது என்று உடம்புக்குத் தெரியும்வரைதான் பயம்.

முதலில் மண்டியிடுங்கள். முழங்கால்களை நன்றாக அகட்டி, பின்புறத்தை இருக்கையின் முன்விளிம்பில் சாய்த்தால் எடை கீழே இறங்கிவிடும். ஆட்டம் பாதியாகக் குறைந்தது போலிருக்கும். இடுப்பைத் தளர்வாக விடுங்கள்: படகு ஆடட்டும், தலை படகின் நடுக்கோட்டுக்கு மேலேயே இருக்கட்டும். பார்வை தூரத்துக் கரையில். நான் ஆரம்பத்தில் படகின் மூக்கையே முறைத்துக்கொண்டிருந்தேன், விறைத்துப்போனதுதான் மிச்சம்.

ஆடும்போது கை தானாகவே விளிம்பைப் பிடிக்கப் போகும். பிடிக்க விடாதீர்கள், துடுப்பின் தட்டைப் பக்கத்தை நீர்மேல் வைத்து அழுத்துங்கள், அதுதான் ஊன்றுகோல்.

ஒருநாள் உயிர்காப்புச் சட்டையோடு, இடுப்பளவு வெதுவெதுப்பான நீரில் வேண்டுமென்றே சாய்த்துச் சாய்த்துக் கவிழ்த்துப் பாருங்கள். காற்றடிக்கும் நாள் என்றால் மட்டும் தள்ளிப்போடுங்கள். இவ்வளவு லேசான படகைக் காற்று இலை மாதிரித் திருப்பிவிடும்.