சென்னையில் இருந்துகொண்டு மேற்கத்திய செவ்வியல் சாக்ஸபோன் கலைஞராகவும், பிறகு கம்போசராகவும் கண்டக்டராகவும் வர முடியுமா?

உங்கள் மகன் பள்ளி பேண்டில் ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கிறான், பிளஸ் டூ முடித்ததும் மேற்கத்திய செவ்வியல் இசையைத்தான் தொழிலாக எடுப்பேன் என்கிறான், முதலில் வாத்தியம், நாற்பது வயதுக்கு மேல் கம்போசிங் (இசை எழுதுவது), கண்டக்டிங் (வாத்தியக் குழுவை முன்னால் நின்று நடத்துவது) என்று வரிசையாகத் திட்டமும் வைத்திருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சென்னையில் சாக்ஸபோனும் கிளாரினெட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். சர்ச் பாடகர் குழுக்களுக்கு நோட்ஸ் எழுதித் தருகிறேன். வர முடியும். அந்த வரிசையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மூன்றையும் இப்போதே சேர்த்து ஆரம்பிக்க வேண்டும்.

வயலின்காரருக்கு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் நிரந்தர இடம் உண்டு. அவர் நன்றாக வாசித்தால் போதும், இசை தானாக அவர் முன்னால் வந்து நிற்கும். சாக்ஸபோனுக்கு அப்படி ஓர் இடமே இல்லை. இதைக் கண்டுபிடித்த அடோல்ஃப் சாக்ஸ் இதற்குப் பாரிசில் காப்புரிமை வாங்கியது 1846இல். அதற்குள் ஆர்கெஸ்ட்ராவில் யார் யார் உட்கார வேண்டும் என்பது பெரும்பாலும் முடிவாகிவிட்டது. பிரெஞ்சு ராணுவ பேண்டுகள்தான் இதற்கு முதலில் இடம் கொடுத்தன. பிரெஞ்சு கம்போசர்களில் பிஸே 1872இல் ‘லார்லேசியன்’ நாடக இசையில் சேர்த்தார், ராவெல் 1928இல் ‘பொலேரோ’வில் சேர்த்தார். இப்படிப் படைப்பு வரும்போது மட்டும் வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிடுவார்கள். பாரிஸ் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் சாக்ஸே நடத்திவந்த வகுப்பு 1870இல் நின்றுபோனது. மறுபடி சாக்ஸபோன் வகுப்பு வந்தது 1942இல், மார்சல் ம்யூல் ஆசிரியரானபோது. எழுபது வருஷத்துக்கு மேல் அந்தக் கல்லூரியில் இந்த வாத்தியம் படிக்க வழியில்லை!

அந்த ம்யூலின் கதையைத்தான் மகனிடம் சொல்ல வேண்டும். ராணுவ பேண்டில் வாசித்துக்கொண்டிருந்தவர், 1920களின் கடைசியில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன் என்ற நான்கு அளவு சாக்ஸபோன்களையும் சேர்த்து ஒரு குவார்டெட் (நால்வர் குழு) தொடங்கினார். வாசிக்கப் போதுமான படைப்புகள் கிடையாது. மற்ற வாத்தியங்களுக்கு எழுதியதையெல்லாம் தானே சாக்ஸபோனுக்கு மாற்றி எழுதினார். குழு பேர் வாங்கிய பிறகு ரஷ்ய கம்போசர் கிளாசுனோவ் அவர்களுக்காக 1932இல் நால்வர் வாசிக்கும் குவார்டெட் படைப்பு ஒன்று எழுதினார். அதே கிளாசுனோவ் 1934இல் கான்செர்ட்டோ (ஒரு தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது) எழுதியதற்கும், அடுத்த ஆண்டு பிரெஞ்சு கம்போசர் ஈபேர் ஒன்று எழுதியதற்கும் சிகுர்ட் ராஷர் என்ற வாசிப்பாளர்தான் காரணம். இன்று உலகம் முழுக்க சாக்ஸபோன் மாணவர்கள் படிக்கிற முக்கியமான படைப்புகளில் பல இப்படி வாசிப்பவர்கள் துரத்தித் துரத்தி வரவழைத்தவை. நம் காலத்தில் இங்கிலாந்தின் ஜான் ஹார்லைப் பாருங்கள். செவ்வியல் சாக்ஸபோனில் உச்சத்துக்குப் போனவர், தொலைக்காட்சித் தொடர்களுக்கு இசையமைக்கிறார், கண்டக்டும் செய்கிறார். இந்த வாத்தியக்காரருக்கு மூன்றும் ஒரே வேலைதான்.

சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத்தைச் சொல்லாமல் இந்தப் பதிலை எழுத எனக்கு மனசு வராது. மங்களூர்ப் பக்கம் நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர். சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கற்றுத் தேர்ந்தார். சாவி வைத்த வாத்தியம். ஸ்வரத்துக்கு ஸ்வரம் தனித்தனியாகத்தான் பேசும். அதில் கமகம் வரவழைக்க உதடும் தாடையும் மூச்சும் எவ்வளவு பழக வேண்டும் என்பது ஊதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1994இல் ‘டூயட்’ படத்தில் ஏ.ஆர். ரகுமான் இசையில் அவர் வாசித்ததை நம் ஊரே கேட்டது. அதே ஆண்டு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி ப்ரோம்ஸ் இசை விழா மேடையில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். உங்கள் மகன் போகும் பாதை வேறு. ஆனாலும் தனக்கென எழுதப்படாத சங்கீதத்தை ஒரு வாத்தியத்துக்குள் கொண்டுவருவது எப்படி என்று அறிய, அவருடைய கச்சேரிப் பதிவுகளைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, இப்போது என்ன செய்யலாம்? ஆல்டோவில் எழுதியிருக்கும் ஸி, பியானோவின் ஈ ஃபிளாட்டாகக் கேட்கும். டெனரில் அதே ஸி, பி ஃபிளாட். பிள்ளைகளுக்கு இது தலைவலி. ஆனால் கண்டக்டருக்கு வேண்டிய முதல் பயிற்சியே இதுதான், ஸ்கோரில் (எல்லா வாத்தியங்களின் நோட்ஸும் சேர்ந்திருக்கும் தாளில்) ஒரு வாத்தியத்துக்கு எழுதியிருப்பதைப் பார்த்ததும் அது என்ன சுருதியில் கேட்கும் என்று மனசுக்குள் மாற்றத் தெரிய வேண்டும். வாரம் ஒரு கீர்த்தனையையோ சர்ச் பாட்டையோ எடுத்து நான்கு சாக்ஸபோனுக்கு எழுதச் சொல்லுங்கள். எழுதியதை நண்பர்கள் நால்வர் வாசிக்க, அவன் முன்னால் நின்று கை அசைக்கட்டும். சரியாக எழுதாத இடம் அந்த நிமிஷமே தெரிந்துவிடும். சென்னையில் கிறிஸ்துமஸ் காலத்தில் பாடகர் குழுக்கள் ஒத்திகைக்கு ஆள் தேடும்; அங்கே பாடப் போனால் நான்கு குரல்கள் எப்படிப் பின்னிக்கொண்டு நகர்கின்றன என்பது காதிலேயே ஏறும். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு இசைத் தேர்வுகளை இங்கேயே எழுதலாம். தியரியைத் தள்ளிப்போட வேண்டாம். ஏ.ஆர். ரகுமான் தொடங்கிய கேஎம் மியூசிக் கன்சர்வேட்டரி 2008 முதல் இங்கே இருக்கிறது. ஆனால் செவ்வியல் சாக்ஸபோனில் மேற்படிப்பு என்றால் எப்படியும் வெளிநாடு போக வேண்டி வரும், அதற்கான பணத்தையும் உதவித்தொகையையும் இப்போதே யோசியுங்கள்.

வருமானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கச்சேரி வாசிப்பை மட்டும் நம்பி இங்கே குடும்பம் நடத்துவது ரொம்பக் கடினம். ஸ்டுடியோ வேலை முன்புபோல் இல்லை, கீபோர்டு சாம்பிள்கள் (பதிவுசெய்து வைத்த வாத்திய ஒலிகள்) நிறைய இடத்தை எடுத்துக்கொண்டன. இன்னும் கூப்பிடுகிற இடத்தில், நோட்ஸைப் பார்த்த முதல் முறையே பிசகாமல் வாசிப்பவரைத்தான் மறுபடி கூப்பிடுவார்கள். பள்ளிகளில் சொல்லிக்கொடுப்பது, கல்யாண வரவேற்புகள், அரேஞ்ச்மென்ட் எழுதுவது (ஒரு பாட்டை வேறு வாத்தியங்களுக்கு மாற்றி எழுதுவது) எல்லாம் சேர்ந்தால் நிற்கலாம். அரேஞ்ச்மென்ட் எழுதத் தெரிந்தவருக்கு வேலை தொடர்ந்து வருகிறது, என் அனுபவத்தில்.

அப்புறம் ஒன்று, கடற்கரை ஊர் என்பதால் சொல்கிறேன். நம் ஈரக்காற்றில் ரீடு (ஊதும் முனையில் பொருத்தும் மெல்லிய நாணல் பட்டை) பூஞ்சை பிடிக்கும், சாவியின் அடியில் இருக்கும் தோல் பேட் துளையின் விளிம்போடு ஒட்டிக்கொள்ளும். வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டு இழுத்துத் துடைக்கணும். ரீடைக் கழற்றிக் காயவைத்துப் பெட்டியில் வைக்கணும். ஒரே ரீடைத் தேயும்வரை ஊதாமல் மூன்று நான்கை மாற்றி மாற்றி வாசிக்கட்டும். பேட் ஒட்டினால் பவுடர் போட வேண்டாம், மெல்லிய தாளை நடுவில் வைத்து லேசாக அழுத்தி எடுத்தால் போதும்.