வாசகர் கேள்வி – பதில்: அரசியல் அறிவியல் எதைப் படிக்கிறது?

இம்முறை வந்த கடிதங்களில் அரசியல் அறிவியலைப் பாடமாக எடுத்தவர்களும், எடுக்கலாமா என்று யோசிப்பவர்களும் எழுதியவையே அதிகம். ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் கேள்விகளை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: நாளிதழ் படித்தாலே அரசியல் தெரிந்துவிடுகிறது. அதைப் பட்டப்படிப்பாக ஆண்டுக்கணக்கில் படிக்க என்ன இருக்கிறது? (கல்லூரியில் சேரவிருக்கும் மாணவி)

பதில்: யார் வென்றார், யார் பதவி விலகினார் என்பதை நாளிதழ் சொல்கிறது. ஒருவர் வென்றார் என்பதை மற்றவர்கள் ஏன் ஒப்புக்கொள்கிறார்கள் என்று அரசியல் அறிவியல் கேட்கிறது. தேர்தலில் தோற்ற ஆட்சித் தலைவரின் பொறுப்பில், அடுத்தவர் பதவியேற்கும் நொடி வரை படையும் காவல்துறையும் கருவூலமும் இருக்கின்றன. இருந்தும் அவர் பதவியை ஒப்படைத்துவிட்டுப் போகிறார். சில நாடுகளில் அப்படிப் போவதில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை அறியச் சட்டத்தையும், கட்சிகளையும், படைக்கும் ஆட்சிக்கும் உள்ள உறவையும், மக்களின் நம்பிக்கையையும் பல நாடுகளில், பல காலங்களில் பார்த்தாக வேண்டும்.

ஒரு நிலப்பரப்புக்குள் முறையான வன்முறையைப் பயன்படுத்தும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று வெற்றிகரமாகக் கோரும் அமைப்பே அரசு என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1919இல் வரையறுத்தார். அதில் 'முறையான' என்ற சொல்லைக் கவனியுங்கள். துப்பாக்கி வைத்திருக்கும் கொள்ளையனுக்கும் நாம் பணிகிறோம், வரி அலுவலருக்கும் பணிகிறோம். ஆனால் இரண்டாவது பணிவில் 'கேட்பதற்கு இவருக்கு உரிமை உண்டு' என்ற ஒப்புதல் கலந்திருக்கிறது. அந்த ஒப்புதல் எப்படி உருவாகிறது, எப்போது உடைகிறது என்பதுதான் இத்துறையின் நடுக்கேள்வி என்பது என் கருத்து. அரசியல் கோட்பாடு, ஒப்பீட்டு அரசியல், சர்வதேச உறவுகள், பொது நிர்வாகம் என்று பாடத்திட்டத்தில் நீங்கள் காணப்போகும் பிரிவுகள் எல்லாம் அந்தக் கேள்வியை வெவ்வேறு பக்கத்திலிருந்து அணுகுபவை.

கேள்வி: ஆய்வுக்கூடம் இல்லை, சோதனைக்குழாய் இல்லை, பிறகு எப்படி இதை அறிவியல் என்கிறார்கள்? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்)

பதில்: ஆய்வுக்கூடத்தின் இடத்தில் இங்கே ஒப்பீடு இருக்கிறது. அரிஸ்டாட்டிலும் அவருடைய மாணவர்களும் 158 நகர அரசுகளின் ஆட்சியமைப்புகளைத் திரட்டியதாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. அவற்றில் ஏதென்ஸ் பற்றிய பகுதி மட்டும் எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களின் வழியே 1891இல் அச்சேறியது. ஊகத்தில் பேசுவதை விட்டுவிட்டு, இருப்பவற்றைத் திரட்டி, அடுக்கி, வேறுபாட்டுக்குக் காரணம் தேடும் பழக்கம் அவ்வளவு பழையது.

இன்றைய எடுத்துக்காட்டு ஒன்றைப் பாருங்கள். தொகுதிக்கு ஓர் உறுப்பினர், அதிக வாக்கு பெற்றவரே வெற்றியாளர் என்ற முறை இரு கட்சிகளைப் பெரிதாக்கும். வாக்கு விகிதப்படி இடங்களைப் பகிரும் விகிதாசார முறை பல கட்சிகளுக்கு இடம் தரும் என்று பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் துவெர்ஜே கூறினார். நியூசிலாந்து 1996 தேர்தலில் முதல் முறையிலிருந்து கலப்பு விகிதாசார முறைக்கு மாறியது. அதே நாடு, அதே மக்கள், விதி மட்டும் வேறு. சோதனைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு எளிதில் அமையாது. அதன்பின் 2020 வரை எந்தக் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை கிடைக்கவில்லை. துவெர்ஜேயின் கூற்றுக்குக் கனடா, இந்தியா போன்ற விலக்குகளும் உண்டு. வட்டாரக் கட்சிகள் வலுவாக இருக்கும் இடத்தில் இருகட்சிப் போட்டி தொகுதி அளவில் நின்றுவிடுகிறது என்பதை அந்த விலக்குகளே நமக்குக் கற்றுத்தந்தன.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் வலுப்பெற்ற நடத்தைவாதம், அளக்க முடிந்ததை மட்டுமே ஆராய வேண்டும் என்னும் அளவுக்குச் சென்றது. அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்ற டேவிட் ஈஸ்டனே, 1969இல் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் தலைவராக உரையாற்றியபோது, நாட்டை உலுக்கும் பிரச்சினைகளுக்குத் துறை முகம் கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அளவையும் மதிப்பீட்டையும் ஒரே கையில் பிடிப்பது கடினம். ஒன்றை விட்டுவிட்டால் துறை முடமாகிவிடும்.

கேள்வி: 'வரலாறு இல்லாத அரசியல் அறிவியலுக்கு வேர் இல்லை; அரசியல் அறிவியல் இல்லாத வரலாற்றுக்குக் கனி இல்லை' என்ற ஆங்கில வரலாற்றாசிரியர் சீலியின் கூற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். அதன் பொருளை விளக்க முடியுமா? மற்றத் துறைகளுக்கும் இது பொருந்துமா? (முதலாமாண்டு மாணவர்கள் இருவர்)

பதில்: மனப்பாடம் செய்வதைவிட ஒரே ஒரு நிகழ்வை எடுத்து ஆராய்ந்து பார்ப்பது நல்லது. ஜெர்மனியின் வைமர் குடியரசை எடுத்துக்கொள்வோம். 1919 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அதன் அரசியலமைப்பு, பெண்களுக்கும் வாக்குரிமை, விகிதாசாரப் பிரதிநிதித்துவம், அடிப்படை உரிமைகள் எல்லாம் கொண்ட முற்போக்கான ஆவணம். 14 ஆண்டுகளுக்குள் அந்தக் குடியரசு சர்வாதிகாரமாகிவிட்டது. ஏன்?

சட்டம் படித்தவர் 48ஆம் பிரிவைக் காட்டுவார். நெருக்கடி வேளையில் நாடாளுமன்றத்தைக் கேட்காமலேயே ஆணைகள் பிறப்பிக்கக் குடியரசுத் தலைவருக்கு அப்பிரிவு அதிகாரம் தந்தது. 1930 முதல் ஆட்சி பெரும்பாலும் அந்த ஆணைகளாலேயே நடந்தது. 1933 பிப்ரவரியில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாள் அடிப்படை உரிமைகளை முடக்கியதும் அதே பிரிவின் கீழ்தான். பொருளியலாளர், 1923இல் பணம் மதிப்பிழந்ததையும், 1932 தொடக்கத்தில் வேலையற்றோர் எண்ணிக்கை சுமார் 60 லட்சத்தை எட்டியதையும் சொல்வார். 1928இல் 2.6 சதவீத வாக்கு பெற்ற நாஜிக் கட்சி 1932 ஜூலையில் 37.3 சதவீதம் பெற்றதை இந்த வறுமையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் சமூகவியலாளர் உடனே குறுக்கிடுவார்: வறுமை மட்டுமே காரணம் என்றால், வேலையிழந்த தொழிலாளர்களில் பலர் கம்யூனிஸ்டுகளுக்கு வாக்களித்தது ஏன்? கத்தோலிக்கர் மிகுந்த வட்டாரங்களைவிடப் புராட்டஸ்டண்ட் ஊரகப் பகுதிகளில் நாஜிகளுக்கு அதிக ஆதரவு கிடைத்தது ஏன்? வரலாற்றாசிரியரோ 1918இன் போர்த் தோல்வியையும், அதனால் விளைந்த வெர்சாய் உடன்படிக்கையின் கசப்பையும் நினைவூட்டுவார்.

இவர்கள் எல்லோரும் சொன்ன பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகளின் வாக்கு 33.1 சதவீதமாகக் குறைந்தது. குறைந்த பிறகுதான், 1933 ஜனவரி 30 அன்று, ஹிட்லர் பிரதமராக நியமிக்கப்பட்டார். அவரைக் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்ட பழமைவாதத் தலைவர்கள் சிலர் அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள். மக்கள் ஆதரவு எவ்வளவு என்பதும், அதிகாரம் யார் கையில் சேர்கிறது என்பதும் வேறு வேறு கேள்விகள்; நிறுவனங்களின் அமைப்பும் தலைவர்களின் தேர்வும் இடையில் நிற்கின்றன. அந்த இடைவெளியை ஆராய்வதே அரசியல் அறிவியலின் சொந்த வேலை. மற்ற நான்கு துறைகளின் உதவியில்லாமல் அந்த இடம் வரைகூட அது வந்திருக்காது.

சீலி சொன்ன கனி எது என்று கேட்டால், 1949இல் மேற்கு ஜெர்மனி இயற்றிய அடிப்படைச் சட்டத்தைக் காட்டுவேன். அடுத்த பிரதமர் யார் என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் இப்போதைய பிரதமரை நாடாளுமன்றம் நீக்க முடியும் என்று அது விதித்தது. கட்சிக்காரர்கள் சேர்ந்து கவிழ்ப்பார்கள், சேர்ந்து ஆளமாட்டார்கள் என்ற வைமர் காலத்துப் பட்டறிவிலிருந்து நேராக வந்த விதி அது. 1982இல் ஹெல்முட் ஷ்மிட்டை நீக்கி ஹெல்முட் கோலைப் பிரதமராக்கியபோது அது குழப்பமின்றி வேலை செய்தது.

கேள்வி: பொருளியல் மாணவியான எனக்கு, அரசியலைப் பேசினால் 'அது நம் பாடமில்லை' என்கிறார்கள். இரண்டும் உண்மையிலேயே தனித்தனியா?

பதில்: ஒரு காலத்தில் தனித்தனியாக இல்லை. 1776இல் எழுதிய ஆடம் ஸ்மித்துக்கு அரசியல் பொருளாதாரம் என்பது ஆட்சியாளரும் சட்டமியற்றுபவரும் கற்க வேண்டிய அறிவின் ஒரு கிளை. ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் தம் பாடநூலை வெளியிட்ட காலத்தையொட்டித்தான் 'அரசியல்' என்ற அடைமொழி உதிர்ந்து பொருளியல் தனித்துறையாக நிலைபெற்றது. அந்தப் பிரிவினையால் பொருளியலுக்குக் கூர்மை கிடைத்தது, உண்மைதான். ஆனால் சில கேள்விகள் இரண்டு வீட்டுக்கும் இல்லாமல் தெருவில் நின்றுவிட்டன.

பஞ்சம் அப்படிப்பட்ட ஒரு கேள்வி. உணவு மொத்தத்தில் குறைந்ததைவிட, அதை வாங்கும் வழியை மக்கள் இழந்ததே 1943 வங்கப் பஞ்சத்தின் மையக் காரணம் என்று அமர்த்தியா சென் வாதிட்டார். சுதந்திரமான பத்திரிகைகளும் எதிர்க்கட்சிகளும் உள்ள மக்களாட்சியில் பெரும் பஞ்சம் தோன்றுவதில்லை என்பது அவருடைய அடுத்த முடிவு. தேர்தலைச் சந்திக்க வேண்டிய அரசால் பட்டினிச் சாவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பொருளியலில் தொடங்கி அரசியலில் முடியும் வாதம் அது. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணியான எலினார் ஓஸ்ட்ரம், அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்கள், ஸ்பெயினின் பாசன வாய்க்கால்கள், ஜப்பானியக் கிராமங்களின் பொதுக்காடுகள் ஆகியவற்றை ஆராய்ந்த அவர், பொதுச்சொத்தை அரசுடைமையாக்காமலும் தனியாருக்கு விற்காமலும் பயனாளிகளே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டினார். 'நம் பாடமில்லை' என்று யாராவது மறுபடி சொன்னால் ஓஸ்ட்ரமின் பெயரைத் தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: கணக்குக்குப் பயந்துதான் கலைப்பிரிவை எடுத்தேன். இங்கேயும் புள்ளியியல் தாள் இருக்கிறதே!

பதில்: இருக்க வேண்டியதுதான். 1936 அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற வார இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. ஏறத்தாழ 24 லட்சம் திரும்பி வந்தன. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் 57 சதவீதம் பெறுவார் என்று இதழ் அறிவித்தது. ஆனால் அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்குடன் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். பெயர்களைப் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார் பதிவேடுகளிலிருந்தும் எடுத்திருந்தார்கள்; பெருமந்தக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல்கள். சீட்டைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அக்கறை கொண்டவர்களும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தார்கள். மிகச் சிறிய மாதிரியைக் கவனமாகத் தேர்ந்த கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் வெற்றியாளரைச் சரியாகக் கணித்தார். எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதோடு எப்படித் தேர்ந்து கேட்டார்கள் என்றும் விசாரிக்கத் தெரியாதவர், ஒவ்வொரு கருத்துக்கணிப்பிலும் ஏமாறுவார்.

சூத்திரமே இல்லாத கணிதமும் இங்கே உண்டு. மூவர் கொண்ட குழு பள்ளி, மருத்துவமனை, சாலை ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாமவரின் விருப்ப வரிசை பள்ளி, மருத்துவமனை, சாலை. இரண்டாமவருக்கு மருத்துவமனை, சாலை, பள்ளி. மூன்றாமவருக்குச் சாலை, பள்ளி, மருத்துவமனை. இரண்டிரண்டாக வாக்கெடுங்கள். பள்ளி மருத்துவமனையை வெல்கிறது, மருத்துவமனை சாலையை வெல்கிறது, சாலையோ பள்ளியை வெல்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மைதான், ஆனால் பெரும்பான்மையின் விருப்பம் என்ற ஒன்று கிடைக்கவே இல்லை. பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோண்டோர்செ 1785இல் கண்ட புதிர் இது. இதில் அரசியல் எங்கே வருகிறது என்றால், எந்த இரண்டை முதலில் வாக்கெடுப்புக்கு விடுவது என்பதைத் தீர்மானிப்பவர் தமக்கு வேண்டிய முடிவைப் பெற்றுவிடலாம். சாலை வேண்டுமானால் பள்ளியையும் மருத்துவமனையையும் முதலில் மோதவிட்டால் போதும். அவைத்தலைவர் பதவிக்கும் நிகழ்ச்சி நிரல் குழுவுக்கும் கட்சிகள் ஏன் அத்தனை போட்டியிடுகின்றன என்பது இப்போது புரிந்திருக்கும்.

கேள்வி: அரசே இல்லாத சமுதாயம் இருக்க முடியுமா?

பதில்: இருந்திருக்கிறது. தெற்கு சூடானின் நுவர் மக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்த மானிடவியலாளர் இவான்ஸ்-பிரிட்சார்ட், மன்னரோ நீதிமன்றமோ காவலரோ இல்லாமல் குலக் கிளைகளின் சமநிலையால் ஒழுங்கு நிலவியதை 1940இல் பதிவு செய்தார். கொலைப்பழி மூண்டால் சிறுத்தைத் தோல் அணிந்த ஒருவர் சமரசம் பேசுவார்; அவருக்குக் கட்டளையிடும் அதிகாரம் கிடையாது.

கேள்வி: திருக்குறளின் பொருட்பாலும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் அரசியல் அறிவியல் ஆகுமா? பாடநூல் பிளேட்டோவிலேயே தொடங்குகிறதே? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: அரசியல் சிந்தனை என்ற பிரிவில் அவற்றுக்கு முழு உரிமை உண்டு. 'படைகுடி கூழ்அமைச்சு நட்புஅரண் ஆறும் உடையான் அரசருள் ஏறு' என்ற 381ஆம் குறள் அரசின் உறுப்புகளை எண்ணிச் சொல்கிறது. மன்னனையும் சேர்த்தால் கௌடில்யரின் ஏழு உறுப்புகளோடு ஒத்துப்போகிறது. 1933ஆம் ஆண்டின் மான்டிவிடியோ உடன்படிக்கை அரசுக்கு மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம் ஆகியவற்றோடு பிற அரசுகளுடன் உறவு கொள்ளும் ஆற்றலையும் நான்காவது தகுதியாக வைத்தது. குறள் 'நட்பு' என்று அதே இடத்தைத் தொட்டிருப்பதைக் காண எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி உண்டாகிறது. அதே சமயம், அந்நூல்கள் நல்லாட்சி எப்படி அமைய வேண்டும் என்று மன்னனுக்கு எடுத்துரைப்பவை. ஆளப்படுபவர் ஆட்சியை மாற்றும் வழிமுறை அவற்றின் மையப் பொருளன்று. பெருமைக்காக இந்த வேறுபாட்டை மறைத்தால் நூல்களுக்கும் நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம். பாடத்திட்டம் பிளேட்டோவில் தொடங்குவதற்குக் காரணம், இத்துறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ், நியூயார்க் போன்ற நகரங்களின் கல்வி நிலையங்களில் உருப்பெற்றது. அர்த்தசாஸ்திரத்தின் ஓலைச்சுவடி மைசூரில் சாமாசாஸ்திரியாரின் கைக்குக் கிடைத்து 1909இல்தான் அச்சானது.

கேள்வி: நான் ஒரு கட்சியின் உறுப்பினர். இந்தப் பாடத்தை நேர்மையாகப் படிக்க முடியுமா?

பதில்: தாராளமாக. சமூகவியலாளர் ராபர்ட் மிக்கெல்ஸ் சோஷலிச இயக்கத்தில் ஈடுபட்டவர். சமத்துவம் பேசும் கட்சிகளிலும் அமைப்பு வளர வளர அதிகாரம் சிலர் கையில் குவிகிறது என்று 1911இல் எழுதியபோது, அவர் முதன்மைச் சான்றாக எடுத்துக்கொண்டது, தாம் உறுப்பினராக இருந்து விலகிய ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியையே. உள்ளே இருந்தவருக்குக் கிளைக் கூட்டம் எப்படி நடக்கிறது, தீர்மானத்தை யார் முன்கூட்டியே எழுதுகிறார் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. உங்களுக்கும் தெரியும். உங்கள் கட்சி அடுத்த தேர்தலில் ஏன் வெல்லும் என்று நினைக்கிறீர்களோ அந்தக் காரணத்தையும், எந்த முடிவு வந்தால் அது தவறென்று ஏற்பீர்கள் என்பதையும், வாக்குப்பதிவுக்கு முன்பே ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு வையுங்கள்.