கலிஃபோர்னியால கவர்மென்ட் வேலை செஞ்ச காண்ட்ராக்டர் கிளெய்ம் போட்டா எத்தனை நாள்ல பதில் வரணும்?

சிட்டி நிர்வாகத்துக்கு எக்ஸ்ட்ரா வேலை செஞ்சு குடுத்தும் பணம் வரல, லெட்டருக்கும் பதில் இல்லன்னு கேட்டிருக்கீங்க. 2017 ஜனவரி 1-லேர்ந்து போட்ட காண்ட்ராக்டுக்கு கலிஃபோர்னியாவோட அரசு காண்ட்ராக்ட் சட்டமான பப்ளிக் காண்ட்ராக்ட் கோடுல 9204-வது பிரிவு இருக்கு, அதான் உங்களுக்கு பிடிமானம். முதல்ல, கிளெய்ம ரிஜிஸ்டர்டு இல்லன்னா சர்டிஃபைடு மெயில்ல, ரிட்டர்ன் ரசீதோட, ஆதாரத்த எல்லாம் வச்சு அனுப்புங்க, ஈமெயில் மட்டும் போட்டுட்டு தயவுசெஞ்சு உக்காந்திடாதீங்க. கிளெய்ம் கிடைச்ச 45 நாள்ல எத ஒத்துக்கறாங்க, எத ஒத்துக்கலன்னு அவங்க எழுத்துல சொல்லணும், ஒத்துக்கிட்ட தொகைய அடுத்த 60 நாள்ல தரணும், தராட்டி வருஷத்துக்கு 7% வட்டி.

பதிலே வரலன்னா முழு கிளெய்மும் நிராகரிச்சதா அர்த்தம், பலர் இத தெரியாம சும்மா காத்திருக்காங்க, அதுதான் எனக்கு வருத்தம். உடனே அதே மாதிரி மெயில்ல பேச்சுவார்த்தை கேளுங்க, 30 நாள்ல கூட்டம் வைக்கணும், அதுலயும் முடியாதது மீடியேஷனுக்கு, அதாவது நடுவுல ஒருத்தர வச்சு சமரசம் பேச, போகும், செலவு ரெண்டு பேருக்கும் சமபாதி, ஆனா மீடியேட்டர் சொல்றது யாரையும் கட்டுப்படுத்தாது. சப்-காண்ட்ராக்டரா இருந்தா மெயின் காண்ட்ராக்டர் வழியா கேக்கலாம். கால்ட்ரான்ஸ் (மாநிலப் போக்குவரத்துத் துறை) மாதிரி சில மாநிலத் துறைகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.