பூட்டிக்கொள்ளும் பெடல்: எதை வாங்குவது, எப்படிப் பழகுவது?

கேள்வி: ஒரு வருடமாக ரோடு சைக்கிள் ஓட்டுகிறேன். அடுத்து 200 கி.மீ. பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) போக ஆசை. ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடல் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது என்கிறார் கடைக்காரர். மூன்று போல்ட் கிளீட் (ஷூவின் அடியில் முடுக்கும், பெடலில் மாட்டிக்கொள்ளும் துண்டு) போடும் ரோடு பெடலையும் கார்பன் அடி ஷூவையும் எடுத்தே வைத்துவிட்டார். சிக்னலில் காலை எடுக்க வராமல் விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வாங்கலாமா?
வாசகர், கோவை

பதில்: 200 கி.மீ. பி.ஆர்.எம்.முக்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். சாதாரணப் பெடலிலேயே முடித்துவிடலாம்; அவசரமே இல்லை. வாங்குவதாக இருந்தாலும் கடைக்காரர் எடுத்துவைத்தது உங்களுக்கு வேண்டாம்.

மூன்று போல்ட் கிளீட் என்பது ஷூவுக்கு அடியில் துருத்திக்கொண்டு நிற்கும் பிளாஸ்டிக். பி.ஆர்.எம்.மில் வந்துபோனதற்கு அடையாளமாகக் கார்டில் சீல் வாங்க, டீ குடிக்க, கழிப்பறைக்குப் போக என்று அடிக்கடி இறங்கி நடக்க வேண்டும். ஹோட்டலின் ஈர டைல்ஸில் அது வழுக்கும். நடக்க நடக்கத் தேயவும் செய்யும். ஷிமானோவின் எஸ்.பி.டி. கிளீட் இரண்டு போல்ட், சின்ன இரும்புத் துண்டு, ரப்பர் அடிக்குள் பதிந்து உட்காரும். மவுண்டன் பைக்குக்காக வந்தது என்றாலும் ரோடு சைக்கிளிலும் தாராளமாகப் போடலாம். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் எஸ்.பி.டி. என்று வரும் இஎச்500 போன்ற பெடல் என்றால் செருப்போடு கடைக்கும் போய்வரலாம்.

கிளீட்டின் எண்ணைப் பாருங்கள். எஸ்எச்51 என்றால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். எஸ்எச்56 பதற்றத்தில் கோணலாக மேலே இழுத்தாலும் விட்டுவிடும். புதிதாகப் பழகுகிறவருக்கு 56தான். பெட்டியில் எது இருக்கிறது என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். கார்பன் அடி தேவையில்லை. அந்தக் காசை அளவு சரியாகப் பொருந்தும் ஷூவுக்குக் கொடுங்கள். கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில், சாக்ஸோடு போட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருவோம். பெடலில் கிளீட்டைப் பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்துங்கள், 3 மி.மீ. ஆலன் கீ போதும். சுவரைப் பிடித்து உட்கார்ந்து, கால் தானாகத் திரும்பும் வரை மாட்டி மாட்டி எடுங்கள். பிறகு புல்தரை மைதானம். சிக்னல் உள்ள சாலை கடைசியில்.

விழுவது பெரும்பாலும் நின்ற வண்டியில்தான். பிரேக்கை அழுத்தி, வண்டி நின்ற பிறகே காலை நினைப்பார்கள், அதற்குள் சாய்ந்திருக்கும். வண்டி உருளும்போதே, பெடல் கீழே வரும்போது இடது காலை எடுத்துவிட்டு அப்புறம் பிரேக் பிடியுங்கள். உடம்பும் அந்தப் பக்கமே சாய வேண்டும். இடது காலை எடுத்துவிட்டு வலப்பக்கம் சாய்ந்தால் புண்ணியமில்லை.

ஆபத்தானது இன்னொன்று. கிளீட் போல்டில் ஒன்று கழன்றுவிட்டால் ஷூ திரும்பும், கிளீட் திரும்பாது; எவ்வளவு முறுக்கினாலும் கால் வராது. நீண்ட பயணத்துக்கு முன் 4 மி.மீ. கீ போட்டு முறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: நண்பர் தன் பழைய எஸ்.பி.டி. பெடலையும் கிளீட்டையும் பாதி விலைக்குத் தருகிறார். எடுக்கலாமா?

பதில்: அச்சைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இல்லை, சுற்றும்போது கரகரப்பு இல்லை என்றால் பெடலை எடுக்கலாம். கிளீட் மட்டும் புதிதாக வாங்குங்கள். தேய்ந்த கிளீட் மேடு ஏறும்போது தானாகவே கழன்றுவிடும். பெடலை வண்டியில் மாட்டும்போது இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும், பார்த்து.