தேர்தல் வாக்குறுதியை நம்பி அங்கீகாரம் கொடுத்தால் என்ன ஆகும்?

வேலூரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நண்பரின் கேள்வி: சுதந்திரத் தேர்தல் என்ற நிபந்தனை இருந்தும் 1945-க்குப் பின் போலந்தில் அது ஏன் பலிக்கவில்லை?

தேர்தலுக்கு முன்பே புதிய அரசுக்கு மேற்கு நாடுகள் அங்கீகாரம் கொடுத்துவிட்டதுதான் முக்கியக் காரணம். 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டில் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் யூனியன் என மூன்று வல்லரசுகளும் போலந்தில் தேர்தல் நடத்த ஒப்புக்கொண்டன, தேதி குறிக்கவில்லை. ஜூலை 5 அன்று அமெரிக்காவும் பிரிட்டனும் தலைநகர் வார்சாவில் சோவியத் ஆதரவோடு அமைந்த அரசை அங்கீகரித்தன. போர்க்காலத்தில் நாடு கடந்து லண்டனில் இயங்கிய போலந்து அரசு அதோடு அந்தஸ்தை இழந்தது. தேர்தல் நடந்ததோ 1947 ஜனவரி 19 அன்று! அதற்குள் பாதுகாப்புத் துறை கம்யூனிஸ்டுகள் கைக்குப் போயிருந்தது. எதிர்க்கட்சியினர் கைதானார்கள், பல தொகுதிகளில் அவர்களின் வேட்பாளர் பட்டியலே தள்ளுபடியானது, எண்ணிக்கையிலும் மோசடி. வாஷிங்டன் கண்டித்தது, அங்கீகாரத்தைத் திரும்பப் பெறவில்லை.

ஹங்கேரியிடமோ, அங்கீகாரம் கொடுக்கும் முன்பே சுதந்திரத் தேர்தல் நடத்துவதாக அமெரிக்கா உறுதிமொழி கேட்டு வாங்கியது. 1945 நவம்பர் 4 தேர்தலும் நேர்மையாக நடந்தது. சிறு விவசாயிகள் கட்சிக்கு 57 சதவீதம். ஆனால் சோவியத் படை வெளியேறவில்லை, உள்துறையும் கம்யூனிஸ்டுகளிடம். இரண்டே ஆண்டில் அந்தப் பெரும்பான்மையைச் சிதைத்துவிட்டார்கள்.

ஆக, தேதியைவிட முக்கியம் காவல்துறை யாரிடம், எண்ணும் மேசையில் யார், முறைகேடு நடந்தால் நிறுத்த யாருக்கு அதிகாரம் என்பவை. 2019-ல் பணம் பிடிபட்டதால் வேலூர் மக்களவைத் தேர்தலையே வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு ரத்து செய்து, ஆகஸ்ட் 5-ல் நடத்தினார்களே, அப்படி நிறுத்தக்கூடிய சுதந்திரமான அமைப்பு போலந்தில் இல்லை.

விடைத்தாளில் யால்டாவோடு நின்றுவிடாமல் ஜூலை 5-ஐயும் கட்டாயம் எழுதுங்கள்.