வீட்டுக் குட்டையில் யாரோ விட்டுப்போன மீன்களை எப்படி ஒழிப்பது?

என்ன மீன் என்று பார்த்தீர்களா? அல்லிக்காகத் தோண்டிய குட்டை, தவளையும் தும்பியும் வந்துகொண்டிருந்தன, யாரோ மீன் விட்ட பிறகு தலைப்பிரட்டை ஒன்றுகூட இல்லை என்று மட்டும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். மீன் எது என்று தெரிந்தால்தான் வலை போதுமா, தண்ணீரை வடித்தே ஆகணுமா என்று சொல்ல முடியும்.

கும்பகோணம் பக்கம் எங்கள் கொல்லையிலும் இதே கதை நடந்தது. விட்டது வெளியாள்கூட இல்லை, ஒன்றுவிட்ட சித்தப்பா. கேட்டதற்கு, "குட்டை சும்மாதானே கெடந்துச்சு, வாய்க்கால்ல புடிச்ச ஜிலேபிக் குஞ்சு நாலு விட்டேன், உனக்குத்தானே கொழம்புக்கு ஆவும்" என்றார். பெரியவரிடம் என்னத்தைச் சொல்ல. நம் ஆட்களுக்கு மீன் இல்லாத தண்ணீர் என்றால் காலி மனை மாதிரி, எதையாவது கொண்டுவந்து போட்டால்தான் நிம்மதி. மீன் இல்லாததால்தான் அங்கே தவளை முட்டையிடுகிறது, தும்பிக் குஞ்சு அடியில் தைரியமாக நடமாடுகிறது என்று சொன்னால் யாருக்கும் ஏறாது.

சரி, ஜிலேபி, அதாவது திலாப்பியா மீன்தானா என்று எப்படித் தெரியும்? காலையில் தண்ணீர் தெளிந்திருக்கும்போது அடியைப் பாருங்கள், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டவட்டமாகப் பள்ளம் இருந்தால் அதுதான். ஆண் மீன் வாயாலேயே மண்ணை அள்ளி அள்ளித் துப்பித் தோண்டுகிற கூடு அது. பெண் அங்கே முட்டையிட்டு, அதை அப்படியே வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும், பொரிந்த குஞ்சும் கொஞ்ச நாள் வாய்க்குள்ளேயேதான் இருக்கும். வலையில் தொண்டை புடைத்த ஒரு மீனை எடுத்து வாளியில் போட்டால், அது வாயைத் திறந்து கடுகு கடுகாகக் குஞ்சுகளைக் கக்குவதைப் பார்க்கலாம். நெருக்கடியான சின்னக் குட்டையில் இது பெரிதாக வளரவும் வளராது, உள்ளங்கை அளவு வருவதற்குள்ளேயே இனப்பெருக்கம் ஆரம்பித்துவிடும். சித்தப்பா சொன்ன குழம்பு கடைசிவரை ஆகவில்லை என்பது வேறு கதை. ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்து மீன், 1952ல்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், இன்றைக்கு அது இல்லாத ஏரி குளத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும்.

தண்ணீர் மேல்மட்டத்தில் விரல் நீளத்தில் சாம்பல் நிறப் பொடிமீன் திரிகிறதா? அது கம்பூசியாவாக இருக்கலாம், கொசு ஒழிக்க என்று கிணற்றிலும் தொட்டியிலும் விடுகிறார்களே, அதுதான். 1928ல் இத்தாலி வழியாக இங்கே வந்தது. கொசுப்புழு தின்னும், மறுக்கவில்லை, ஆனால் தவளை முட்டை, தலைப்பிரட்டை, தும்பிக் குஞ்சு எதையும் விட்டுவைக்காது. உங்கள் தலைப்பிரட்டை காணாமல்போன வேகத்தைப் பார்த்தால் எனக்கு இதன் மேல்தான் சந்தேகம். வண்ண வாலோடு இருந்தால் கப்பி. உடம்பெல்லாம் கவசம் போட்டுக்கொண்டு அடியில் ஒட்டிக்கிடந்தால் தொட்டி சுத்தம் செய்ய விற்கும் சக்கர் மீன், கரையில் வளை தோண்டியே குட்டையைச் சரித்துவிடும்.

"யாரும் விட்டிருக்க மாட்டார்கள், கொக்கு காலில் முட்டை ஒட்டி வந்திருக்கும்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். பறவை மூலம் மீன் பரவவே பரவாது என்று சொல்ல மாட்டேன், ஹங்கேரியில் வாத்துக்குக் கெண்டை முட்டையைத் தின்னக் கொடுத்து, எச்சத்தில் சில முட்டை உயிரோடு வந்ததை 2020ல் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஜிலேபி முட்டை தாய் வாயில் இருக்கிறது, கம்பூசியாவும் கப்பியும் முட்டையே இடாமல் குட்டி போடுகிறவை. கொக்கு காலில் எது ஒட்டும்? மனிதக் கைதான், இல்லையென்றால் வெள்ளத்தில் வாய்க்கால் நிரம்பிக் கொல்லைக்குள் வந்திருக்கும்.

ஒழிப்பது என்றால், வலையில் எண்ணிக்கை குறையும், தீராது. ஒரு சினைக் கம்பூசியா மிஞ்சினால் போதும், மறுபடி முதலிலிருந்து. சிமென்ட் தொட்டி என்றால் ஒரு நாள் வேலை. மண் குட்டை என்றால் சித்திரை வரை பொறுத்திருங்கள். எங்கள் பக்கம் மேட்டூர் தண்ணீர் வந்துவிட்டால் குட்டை அடியில் ஊறிக்கொண்டே இருக்கும், எத்தனை இறைத்தாலும் வறளாது. அல்லிக் கிழங்கை எடுத்து நன்றாக அலசித் தனித் தொட்டியில் வையுங்கள். மோட்டார் உறிஞ்சும் முனையில் கொசுவலையை இரண்டு மடிப்பாகக் கட்டி, தண்ணீரை வாழைக்கோ தென்னைக்கோ பாய்ச்சுங்கள், வாய்க்காலில் விடவேண்டாம். சேறு வெடிக்கிறவரை காயணும். கால் தடத்தில் தேங்கிய தண்ணீர், நண்டு வளை, இங்கெல்லாம் குஞ்சு ஒளிந்திருக்கும், அதனால் கடைசி ஊற்றுக்குழியையும் மண்வெட்டியால் திறந்து பாருங்கள்.

முழுக்க வறட்ட முடியாது என்றால் இலுப்பைப் புண்ணாக்கு. பண்ணைக் குட்டைகளுக்குச் சொல்லும் கணக்கு ஒரு மீட்டர் ஆழத்தில் எக்டேருக்கு 2500 கிலோ, அதாவது ஆயிரம் லிட்டருக்குக் கால் கிலோ. ராத்திரியே ஊறவைத்து, கரைத்து, பரவலாகத் தெளிக்கணும். அதில் நுரைக்கிற பொருள்தான் மீனைக் கொல்கிறது. தலைப்பிரட்டைக்கும் செவுள்தான், அதுவும் தப்பாது, ஆகவே தவளை முட்டையிடும் மழைக்காலத்தில் கை வைக்காதீர்கள். மூன்று வாரம் போல விட்டால் வீரியம் போய்விடும், மிச்சம் உரமாகிவிடும். பூச்சிமருந்தைக் கொட்டச் சொல்லும் ஆட்கள் உண்டு, காது கொடுக்காதீர்கள்.

பிடித்த மீனை ஏரியிலோ ஆற்றிலோ விடுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், பாவம் பார்த்து விட்டுத்தான் சக்கர் மீன் இத்தனை ஏரிக்குப் போயிருக்கிறது. ஜிலேபியைத் தாராளமாகச் சாப்பிடலாம். பொடிமீனைக் கோழி பார்த்துக்கொள்ளும்.

கொசு வருமே என்று வீட்டில் கேட்பார்கள். தும்பிக் குஞ்சு திரும்பி வரும்வரை பி.டி.ஐ. என்று முக்கியமாகக் கொசுப்புழுவைத் தாக்கும் பாக்டீரியா மருந்து கிடைக்கிறது, அதைப் போட்டுச் சமாளிக்கலாம். மீன் இருந்தே ஆகணும் என்று யாராவது அடம்பிடித்தால், உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டோடு வயல் வாய்க்காலில் திரியும் நம்மூர்ச் சின்ன மீன் கொஞ்சம் விடுங்கள், ஆனால் அதுவும் பொடித் தலைப்பிரட்டையைக் கொத்தும், தெரிந்தே விடுங்கள்.

அப்புறம், இனிமேல் நர்சரியில் வாங்கும் அல்லியோ தாமரையோ எதுவானாலும் அந்தப் பையிலிருக்கும் தண்ணீரோடு குட்டையில் கவிழ்க்காதீர்கள். கப்பிக் குட்டிகள் அதில்தான் வரும். தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கிழங்கை அலசி, இரண்டு மூன்று வாரம் வாளியில் வைத்துப் பார்த்த பிறகு இறக்குங்கள்.